நிழல்தான் டைம்டேபிள்: திருநீர்மலை வானத்தில் செயற்கைக்கோள் பார்ப்பது எப்படி?

மாலை ஏழு மணி வாக்கில் மொட்டை மாடியில் நின்று மேலே பார்த்தால், சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளைப் புள்ளி தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு நகர்ந்து போகும். சில சமயம் பாதி வானம் போனதும் பட்டென்று மங்கி மறைந்துவிடும். மேகம் இல்லை, மரம் இல்லை, கட்டடம் இல்லை. அப்புறம் எங்கே போச்சு?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் செயற்கைக்கோள் பார்க்கும் கலையில் பாதி வந்த மாதிரி. மீதிப் பாதிக்கு ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, உங்கள் முஷ்டி போதும். டெலஸ்கோப் வேண்டாம். எந்த ஆப்பும் இல்லாமல்கூட சமாளிக்கலாம். ஆனால் ஆப் சொல்வதை நீங்களே சரிபார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். நம்ம ஏரியா வானத்துக்கு என்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. அதை அப்படியே நம்பி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாடி ஏறினால் கொசுக்கடிதான் மிச்சம்.

முதலில் புள்ளியை அடையாளம் காண்போம்

திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு வானத்தில் நகரும் வெளிச்சம் புதிதல்ல. மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் வேறு. அதனால் முதல் வேலை, விமானத்தைக் கழிப்பது.

விமானத்தில் சிவப்பு, பச்சை விளக்குகள் இருக்கும், அதோடு சீராக மினுக்கும் வெள்ளை விளக்கும் இருக்கும். இறங்கும்போது முன்விளக்கு பளிச்சென்று நிற்கிற மாதிரி தெரியும். கொஞ்சம் பொறுத்தால் சத்தமும் வரும், திசையும் மாறும்.

செயற்கைக்கோளுக்கு விளக்கே கிடையாது. அது ஒரே நிறத்தில், நேர் பாதையில், ஒரே சீராகப் போகும். சத்தம் வராது, திரும்பாது, நிற்காது. மெதுவாகக் கூடிக் குறையும் வெளிச்சம் ஒன்று கடந்துபோனால், அது பெரும்பாலும் வேலை முடிந்து உருண்டுகொண்டிருக்கும் பழைய ராக்கெட் பாகமாக இருக்கும்.

எரிநட்சத்திரம் ஒரு வினாடி, அதிகம் போனால் இரண்டு மூன்று வினாடி. செயற்கைக்கோள் வானத்தைக் கடக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். அதனால் குழப்பம் வராது.

ஒரே கோட்டில் முத்துமாலை மாதிரி வரிசையாகப் புள்ளிகள் போனால், அது அண்மையில் ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் தொகுதி. 2019 மே 24 அன்று முதல் 60 ஏவப்பட்ட மறுநாள் இரவு, நெதர்லாந்தைச் சேர்ந்த அமெச்சூர் பார்வையாளர் மார்கோ லாங்புரூக் எடுத்த வீடியோதான் அந்த 'ரயிலை' உலகத்துக்குக் காட்டியது. சில நாட்களில் அவை உயரம் ஏறிப் பிரிந்துவிடும். பிறகு வெறுங்கண்ணுக்குத் தெரிவது கஷ்டம்.

வெளிச்சம் யாருடையது?

செயற்கைக்கோள் மின்னுவது சூரிய ஒளியால். சோலார் பேனலிலும் உலோக உடம்பிலும் பட்டுத் திரும்பும் வெயிலைத்தான் நாம் பார்க்கிறோம். ஆக, அது தெரிய மூன்று விஷயம் ஒரே நேரத்தில் அமைய வேண்டும்: நாம் இருக்கும் இடம் இருட்டியிருக்க வேண்டும், மேலே அது இன்னும் வெயிலில் இருக்க வேண்டும், அது நம் அடிவானத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

மலை உச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே தெருவில் வெயில் போன பிறகும் உச்சியில் கொஞ்ச நேரம் மஞ்சள் வெயில் நிற்கும். செயற்கைக்கோள் அதே கதைதான். மலைக்குப் பதில் 400 கிலோமீட்டர் உயரம், அவ்வளவுதான்.

சூரியன் மேற்கே இறங்க இறங்க, பூமியின் நிழல் கிழக்கிலிருந்து எழும்பி வரும். முதலில் தாழ்வாக, பிறகு தலைக்கு மேலே, பிறகு மேற்கு வரைக்கும். கிழக்கு நோக்கிப் போகும் ஒரு செயற்கைக்கோள் அந்த நிழலுக்குள் நுழைந்த அடுத்த சில வினாடிகளில் மறைந்துவிடும். முதல் பத்தியில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அது எங்கேயும் போகவில்லை, அதற்கு ராத்திரி ஆகிவிட்டது. விடியற்காலையில் இது தலைகீழ்: நடுவானத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு புள்ளி பிறந்து, கிழக்கு நோக்கிப் போகும்.

நிழலின் உயரம்: ஒரு சின்ன டிரிக்னாமெட்ரி

இதைக் கையால் போட்டுப் பார்க்கலாம், பிளஸ் டூ கணக்கு போதும். பூமியின் மையம், சூரிய ஒளி பூமியைத் தொட்டுக்கொண்டு போகும் புள்ளி, உங்கள் தலைக்கு நேர் மேலே நிழல் முடியும் புள்ளி. இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரு செங்கோண முக்கோணம். மையத்தில் உள்ள கோணம், சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறதோ அதுதான். ஆகவே:

நிழலின் உயரம் = பூமியின் ஆரம் × (1 ÷ காஸ்(சூரியனின் தாழ்வுக் கோணம்) − 1)

பூமியின் ஆரம் 6,371 கி.மீ. திருநீர்மலை சுமார் 12.96 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மார்ச் 21 அல்லது செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் மறைந்த பிறகு நம் தலைக்கு மேலே நிழல் எவ்வளவு உயரம் என்று போட்டால் தோராயமாக இப்படி வரும்:

- 30 நிமிடம் கழித்து: சூரியன் 7 டிகிரி கீழே, நிழல் 50 கி.மீ.
- 60 நிமிடம் கழித்து: 14.6 டிகிரி, 210 கி.மீ.
- 75 நிமிடம் கழித்து: 18 டிகிரி, 340 கி.மீ.
- 90 நிமிடம் கழித்து: 22 டிகிரி, 500 கி.மீ.
- 120 நிமிடம் கழித்து: 29 டிகிரி, 920 கி.மீ.
- 180 நிமிடம் கழித்து: 43.5 டிகிரி, 2,400 கி.மீ.

இப்போது பாருங்க. சர்வதேச விண்வெளி நிலையம், அதாவது ஐஎஸ்எஸ், சுமார் 420 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. பட்டியலின்படி 75 நிமிடத்துக்கும் 90 நிமிடத்துக்கும் நடுவில், ஏறக்குறைய 83ஆவது நிமிடத்தில், நிழல் அந்த உயரத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு நேர் உச்சியில் ஐஎஸ்எஸ் வந்தாலும் தெரியாது. மேற்கு வானத்தில் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் நிழல் அங்கே கடைசியில்தான் போய்ச் சேரும்.

மார்ச் 21 வாக்கில் சென்னையில் சூரியன் மறைவது மாலை 6:20 வாக்கில். வானம் இருட்ட அரைமணி நேரம் விடுங்கள். ஆக, நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 6:45 முதல் 7:50 வரை. விடியற்காலையில் அதே மாதிரி 4:50 முதல் 5:50 வரை. ஒரு நாளைக்கு இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இதுதான் நம்ம ஊர் டைம்டேபிள்.

லண்டனில் இதே கணக்கைப் போட்டால் வேறு கதை. அங்கே ஜூன் மாத நள்ளிரவில்கூட சூரியன் 15 டிகிரிதான் கீழே இறங்கும். ஃபார்முலாவில் போடுங்கள்: நிழல் 230 கி.மீ.க்கு மேல் ஏறாது. அதனால் கோடையில் ராத்திரி முழுக்க ஐஎஸ்எஸ் வெயிலிலேயே சுற்றும், விடிய விடியப் பார்க்கலாம். நமக்கோ சூரியன் கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக இறங்குகிறது. மார்ச், செப்டம்பரில் நள்ளிரவில் 77 டிகிரி கீழே போய்விடும். அப்போது நிழலின் உயரம் கிட்டத்தட்ட 22,000 கி.மீ.! வெளிநாட்டு வழிகாட்டி 'இரவு முழுவதும் பாருங்கள்' என்று சொன்னால், அது அவர்கள் ஊருக்கு.

இசிஇ, ட்ரிபிள்இ நண்பர்களுக்கு ஒரு உபரித் தகவல். இதே நிழல் மார்ச், செப்டம்பர் வாக்கில் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும் புவிநிலை செயற்கைக்கோள்களையும் நள்ளிரவை ஒட்டித் தொடும். ஒரு இரவுக்கு அதிகபட்சம் 70 நிமிடம் சொச்சம். அந்த நேரத்தில் உங்கள் வீட்டு டிவிக்கு சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோள் பேட்டரியில் ஓடுகிறது. அதன் பேட்டரி அளவைத் தீர்மானிப்பதே இந்த முக்கோணம்தான்.

நமக்கு நஷ்டம் மட்டும்தானா?

இல்லை. நம்ம அட்சரேகைக்கு என்று ஒரு பரிசும் இருக்கு. அதன் பெயர் ஹப்பிள்.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1990 ஏப்ரல் 24 அன்று ஏவப்பட்டது. அதன் பாதை பூமத்தியரேகைக்கு 28.5 டிகிரி சாய்வு. அதாவது அது வடக்கே 28.5 டிகிரிக்கு மேல் போகவே போகாது. லண்டனில் நிற்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலே எழும்புவதே இல்லை. நமக்கோ அது தலைக்கு மேலேயே போகும், மேற்கிலிருந்து கிழக்காக. உயரம் சுமார் 500 கி.மீ. ஐஎஸ்எஸ் அளவுக்குப் பளிச்சென்று இருக்காது, ஒரு சாதாரண நட்சத்திரம் நடந்து போவது மாதிரி இருக்கும். ஆனால் பாடப்புத்தகத்தில் பார்த்த அத்தனை விண்மீன் கூட்டப் படங்களையும் எடுத்த கருவி அதுதான் என்று தெரிந்து பார்க்கும்போது, அந்தச் சின்னப் புள்ளி வேற லெவல்.

ஆரம்பத்தில் குறிவைக்க வேண்டியவை மூன்று:

ஐஎஸ்எஸ்: சாய்வு 51.6 டிகிரி. நல்ல நாளில் வெள்ளிக் கோள் அளவுக்கு மின்னும். நம் வானத்தில் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு, இல்லையென்றால் வடமேற்கிலிருந்து தென்கிழக்கு. சில நாள் தொடர்ந்து மாலையில் வரும், அப்புறம் காணாமல் போய், வேறு சில நாள் விடியற்காலையில் வரும்.

டியாங்காங்: சீனாவின் விண்வெளி நிலையம். முதல் பகுதி 2021 ஏப்ரல் 29 அன்று ஏவப்பட்டது. சாய்வு 41.5 டிகிரி. ஐஎஸ்எஸ்ஸைவிட மங்கல், ஆனாலும் தெருவிளக்கையும் மீறித் தெரியும்.

ஹப்பிள்: மேலே சொன்னது. கொஞ்சம் இருட்டான இடம் தேவை.

ஐஎஸ்எஸ்ஸின் வேகத்தை உணர ஒரு வழி சொல்கிறேன். வடமேற்கில் அடிவானத்துக்கு ஒரு முஷ்டி உயரத்தில் அது கண்ணில் படும்போது, உண்மையில் அது குஜராத்தில் வடோதரா பக்கத்து வானத்தில் இருக்கிறது. அங்கிருந்து நம் தலைக்கு மேலே வர மூன்று நிமிடம் சொச்சம். நவஜீவன் எக்ஸ்பிரஸுக்கு அந்தத் தூரம் ஒரு நாள் வேலை.

எங்கே நிற்பது?

திருநீர்மலை என்றதும் மலை உச்சிக்குப் போகலாம் என்று தோன்றும். வேண்டாம். மேலே ரங்கநாதர் கோயில் இருக்கிறது, அதற்கென்று நடை திறக்கும் நேரமும் சாத்தும் நேரமும் உண்டு. இருட்டிய பிறகு படிகளிலும் பாறைகளிலும் சுற்றுவது நமக்கும் நல்லதல்ல, கோயிலுக்கும் தொந்தரவு. உச்சி தேவையும் இல்லை. 420 கி.மீ. உயரத்தில் போவதற்கு ஒரு குன்றின் உயரம் எந்த வித்தியாசமும் செய்யாது. தேவையானது இரண்டுதான்: திறந்த வானம், கண்ணில் நேராக அடிக்காத விளக்கு.

மொட்டை மாடி போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், தெருவிளக்கு மறையும் பக்கமாக நில்லுங்க. நீங்கள் மலைக்குக் கிழக்கே இருந்தால் மலையே மேற்கு அடிவானத்தை மறைக்கும், எனவே ஐஎஸ்எஸ் ஒரு நிமிடம் தாமதமாகத் தெரிவது போல் இருக்கும். பதற வேண்டாம். பத்து நிமிடம் போன் பார்க்காமல் இருங்கள், கண் இருட்டுக்குப் பழகும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பாருங்கள், எட்டிப் பார்க்காதீர்கள். தனியாகப் போகாமல் ஒரு ஆளையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நேரம் குறிக்க ஒருவர், பார்க்க ஒருவர் என்று வைத்துக்கொண்டால் அளவும் நன்றாக வரும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல சீசன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வானம் கிடைப்பதே அபூர்வம்.

நேரம் தெரிந்துகொள்ள ஹெவன்ஸ் அபவ் அல்லது என்2ஒய்ஓ தளத்தில் இடத்தை 12.96 வடக்கு, 80.11 கிழக்கு என்று கொடுங்கள். சென்னை என்று மட்டும் கொடுத்தாலும் சில வினாடிதான் வித்தியாசப்படும், ஆனால் நாம் வினாடியைத்தான் அளக்கப் போகிறோம்.

இந்தத் தளங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை, 'இரண்டு வரி' தரவு. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 69 எழுத்து அகலத்தில் இரண்டு வரி: சாய்வு, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, பாதை எவ்வளவு நீள்வட்டம் போன்றவை அதில் இருக்கும். பஞ்ச் கார்டு காலத்து வடிவம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐஎஸ்எஸ்ஸின் பதிவு எண் 25544, ஹப்பிளுக்கு 20580. செலஸ்ட்ராக் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பைத்தான் தெரிந்தவர்கள் அதை எடுத்து எஸ்ஜிபி4 முறையில் தாங்களே கணித்துப் பார்க்கலாம், மினி ப்ராஜெக்ட்டுக்கு அருமையான தலைப்பு. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: தாழ்வான பாதையில் மெல்லிய காற்று இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பழைய தரவு நாளாக நாளாக விலகும். எப்போதும் அன்றைய தரவை எடுங்கள்.

முஷ்டியும் ஸ்டாப்வாட்சும்: உயரத்தை அளப்போம்

இதுதான் இந்தப் பாடத்தின் பிராக்டிகல்.

கையை முழுக்க நீட்டி முஷ்டியைப் பிடியுங்கள். விரல் முட்டிகளின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. கை நீளமானவர்களுக்கு முஷ்டியும் பெரிதாக இருப்பதால் எல்லோருக்கும் ஏறக்குறைய இதே அளவு வரும். ஆனால் நம்பிவிடாமல் அளவு சரிபாருங்கள். பிப்ரவரி, மார்ச் மாலைகளில் ஓரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கும். அதில் சிவந்த திருவாதிரைக்கும் எதிர் மூலையில் உள்ள நீலவெள்ளை ரீகலுக்கும் இடையே 18.6 டிகிரி. உங்கள் முஷ்டி இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும்.

இப்போது, உச்சிக்குப் பக்கத்தில் போகும் ஒரு செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுங்கள். அது முஷ்டியின் ஒரு ஓரத்தைத் தொட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள், மறு ஓரத்தைத் தாண்டியதும் நிறுத்துங்கள்.

தாழ்வான பாதையில் எல்லாச் செயற்கைக்கோளும் ஏறக்குறைய வினாடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில்தான் போகின்றன. நியூட்டன் வேறு வழி விடவில்லை. 10 டிகிரி என்பது 0.1745 ரேடியன். ஆக,

உயரம் = 7.5 × நேரம் ÷ 0.1745 = சுமார் 43 × நேரம்

வினாடியை 43ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டர் கிடைக்கும். அவ்வளவுதான்!

10 வினாடி வந்தால் 430 கி.மீ., அதாவது ஐஎஸ்எஸ் உயரம். 12 வினாடி வந்தால் 516 கி.மீ., ஹப்பிள் பக்கம். 19 வினாடி வந்தால் 800 கி.மீ.க்கு மேல்.

ஒரு பைசா செலவில்லாமல், கையை நீட்டி, விண்ணில் போகும் ஒன்றின் உயரத்தைச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் லேப் ரெக்கார்டில் எழுதும்போது பிழை வரம்பும் எழுத வேண்டும் இல்லையா? ஸ்டாப்வாட்சில் ஒரு வினாடி தவறினால் 43 கி.மீ. பிழை, அதாவது பத்து சதவீதம். முஷ்டியின் அளவு ஒரு டிகிரி தவறினாலும் இன்னொரு பத்து சதவீதம். அடிவானத்துக்குப் பக்கத்தில் இந்த ஃபார்முலா செல்லாது, ஏனென்றால் அங்கே அது உங்களிடமிருந்து மிகத் தொலைவில், சாய்வாகப் போகிறது.

பிழையைக் குறைக்க வேண்டுமா? முஷ்டிக்குப் பதில் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை வைத்துக்கொள்ளுங்கள், அவற்றின் இடைவெளியை ஸ்டெல்லாரியம் சொல்லும். அல்லது போன் கேமராவின் ப்ரோ மோடில் 10 வினாடி எக்ஸ்போஷர் வைத்து, போனை அசையாமல் சாய்த்து வைத்துப் படம் எடுங்கள். செயற்கைக்கோள் ஒரு கோடாக விழும். அந்தக் கோட்டின் நீளத்தை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் கண்ணால் அளந்ததைவிட நன்றாக வரும்.

நோட்டில் என்ன எழுதுவது?

தேதி, இடம், மேகம் எவ்வளவு. எந்த நேரத்தில், எந்தத் திசையில் முதலில் தெரிந்தது. எந்த நட்சத்திரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் கடந்தது, அந்த நொடி என்ன நேரம். எந்த நேரத்தில், எங்கே நிழலுக்குள் மறைந்தது. வெளிச்சம் எந்த நட்சத்திரத்துக்குச் சமம், சீரா அல்லது ஏறி இறங்கியதா.

இதில் முக்கியமானது நேரம். செயற்கைக்கோள் வினாடிக்கு 7.5 கி.மீ. போகிறது. நீங்கள் ஒரு வினாடி தப்பாகக் குறித்தால் 7.5 கி.மீ. தப்பு. பத்தில் ஒரு வினாடி துல்லியமாகக் குறித்தால் 750 மீட்டர். சுவர்க் கடிகாரம் வேண்டாம், இணைய நேரத்தோடு ஒத்துப்போகும் போன் கடிகாரத்தையே பயன்படுத்துங்கள். இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே கடந்த நொடியைச் சரியாகக் குறிக்கத் தெரிந்துவிட்டால், அமெச்சூர் பார்வையாளர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் அதே வேலையை நீங்களும் செய்கிறீர்கள்.

"இதனால என்ன யூஸ்?"

கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

1966. இங்கிலாந்தில் கெட்டரிங் கிராமர் ஸ்கூல். ஜெஃப்ரி பெர்ரி என்ற இயற்பியல் ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் ஒரு ரேடியோ ரிசீவரை வைத்துக்கொண்டு சோவியத் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு, நேரம் குறித்துவந்தார்கள். மார்ச் 17 அன்று ஏவப்பட்ட காஸ்மாஸ் 112இன் பாதை மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. பாதையைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்ததில், அது வழக்கமான பைக்கானூரிலிருந்து கிளம்பவே இல்லை என்று தெரிந்தது. வடக்கே பிளெசெட்ஸ்க் என்ற இடத்தில் இன்னொரு ஏவுதளம் இருக்கிறது! பள்ளிப் பையன்கள் கண்டுபிடித்து வெளியிட்டதை சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1983இல்தான்.

2018 ஜனவரி. கனடாவில் ஸ்காட் டில்லி என்ற அமெச்சூர், வேறொரு ரகசிய செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டிருந்தபோது எதிர்பாராத ஒரு சிக்னல் கிடைத்தது. அது நாசாவின் இமேஜ் செயற்கைக்கோள். 2000இல் ஏவப்பட்டு, 2005 டிசம்பரில் தொடர்பு அறுந்து, செத்துவிட்டது என்று கைவிடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அது உயிரோடு இருப்பதைச் சொன்னது நாசா இல்லை, வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர்.

இரண்டிலும் பெரிய கருவி இல்லை. இருந்தது பொறுமையாகக் குறித்த நேரமும், 'இது கணக்கோடு ஒத்துப்போகலையே' என்று நிறுத்திக் கேட்ட புத்தியும்தான். சுற்றுப்பாதையில் போகும் எதையும் யாரும் முழுசாக ஒளித்துவைக்க முடியாது, அது எல்லோர் மாடிக்கும் மேலேதான் போயாக வேண்டும்.

நம்ம ஏரியாவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி சி12இல் போன அனுசாட், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். எடை 40 கிலோ. அண்ணா பல்கலைக்கழகத்தின் அந்தச் செயற்கைக்கோளுக்குத் தரைநிலையம் அமைந்தது, திருநீர்மலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில். ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால் காட்டாங்கொளத்தூர். அங்கிருந்து எஸ்ஆர்எம்சாட், 2011 அக்டோபர் 12. ஓஎம்ஆர் பக்கத்திலிருந்து சத்யபாமாசாட், 2016 ஜூன் 22, எடை ஒன்றரைக் கிலோ. மூன்றும் மாணவர்கள் கைபட்டவை.

இவற்றில் எதுவும் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதில்லை. ஆனால் உயரம் என்ன செய்யும் என்பதற்கு இவையே பாடம். தாழ்வாகச் சுற்றிய அனுசாட், காற்றின் இழுவையில் மூன்றே ஆண்டில், 2012இல், எரிந்து முடிந்தது. எஸ்ஆர்எம்சாட் போனது சுமார் 867 கி.மீ. உயரம், 20 டிகிரி சாய்வு. அந்த உயரத்தில் காற்று இல்லாத குறைதான். நாமெல்லாம் படிப்பு முடித்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் அது சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு நாளைக்குப் பல முறை நம் தலைக்கு மேலேயே.

இங்கேதான் விஷயம் விளையாட்டு இல்லாமல் ஆகிறது. இன்று மேலே போகும் செயற்கைக்கோள்கள் ஆயிரக்கணக்கில். வேலை செய்பவை, செத்தவை, உடைந்த துண்டுகள் எல்லாம் அதே பாதைகளில். நம்மில் சிலர் நாளைக்கு அவற்றை வடிவமைக்கப் போகிறோம். சில நூறு கிலோமீட்டர் உயர வித்தியாசம், மூன்று ஆண்டுக் குப்பையா, நூறாண்டுக் குப்பையா என்று தீர்மானிக்கிறது. அந்த முடிவை எடுக்கப்போகிறவர், ஒரு முறையாவது அந்த உயரத்தைத் தன் கையால் அளந்து பார்த்திருப்பது நல்லது.

வீட்டுப்பாடம்

1. இந்த வாரம் ஐஎஸ்எஸ் மாலையில் வரும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். தளத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, சூரியன் மறையும் நேரத்தையும் மேலே உள்ள பட்டியலையும் வைத்து, அது நடுவானில் மறையுமா, கிழக்கு அடிவானம் வரை போகுமா என்று நோட்டில் எழுதிவையுங்கள். பிறகு மாடிக்குப் போய்ச் சரிபாருங்கள்.

2. முஷ்டி முறையில் மூன்று வெவ்வேறு செயற்கைக்கோள்களின் உயரத்தை அளந்து, பிழை வரம்போடு எழுதுங்கள். ஒவ்வொன்றும் எது என்று பிறகு தளத்தில் பார்த்து ஒப்பிடுங்கள்.

3. ஹப்பிளைப் பிடியுங்கள். மங்கலானது, கொஞ்சம் அலைய விடும். பிடித்துவிட்டால் லண்டன் நண்பர் யாராவது இருந்தால் மெசேஜ் போட்டு வெறுப்பேற்றலாம்.

4. கணக்கு ஆசை உள்ளவர்களுக்கு: ஜூன் 21க்கும் டிசம்பர் 21க்கும் அதே நிழல் பட்டியலைப் போடுங்கள். எந்த மாதத்தில் நம்ம பீரியட் நீளுகிறது, ஏன்?

திருநீர்மலையில் பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலங்களில் இருக்கிறார் என்பார்கள். நடந்த கோலம் உலகை அடியால் அளந்த திரிவிக்ரமன். நாமும் அதே ஊரில் நின்று முஷ்டியால் அளக்கிறோம், வித்தியாசம் நமக்குப் பத்து சதவீதம் பிழை வரும் என்பதுதான்.

அளந்ததை எழுதி வையுங்கள். அடுத்த இதழில் உங்கள் அளவுகளையும் என் அளவுகளையும் ஒரே கிராஃபில் போட்டுப் பார்ப்போம்.